“மைக் நன்றாக இருந்தது!” – தவில்காரர் பதில்கள்

சென்ற இதழில் ஒரு வாசகருக்குப் பதில் சொல்லும்போது, “கச்சேரி முடிந்ததும் ஒரு வித்வான் இன்னொரு வித்வானிடம் ‘இன்றைக்கு மைக் நன்றாக இருந்தது’ என்று சொன்னால், அந்த இரண்டு பேரையும் ஒரே காரில் ஊருக்கு அனுப்பாதீர்கள்” என்று போகிறபோக்கில் எழுதியிருந்தேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதைப் பற்றித்தான். தவிலுக்கு வார் பிடிப்பது எப்படி, விரலில் மாட்டும் கூடு கட்டப் பசை எப்படிக் காய்ச்சுவது என்று கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள். இந்த இதழ் முழுவதும் வித்வான்களின் வாய்க்குத்தான்.

மைக் நன்றாக இருந்தது என்றால் நல்ல செய்திதானே? இதில் கோபப்பட என்ன இருக்கிறது?
– வாசகர், குத்தாலம்

மைக்செட்காரருக்கு நல்ல செய்தி. வாசித்தவருக்கு? இரண்டு மணி நேரம் மூச்சைப் பிடித்துக் கரகரப்பிரியா ராகம் வாசித்துவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு ஒருவர் மேடையை விட்டு இறங்குகிறார். அவர் காது ஒரே ஒரு சொல்லுக்காகக் காத்திருக்கிறது. அந்த நேரத்தில் போய் மைக்கைப் புகழ்ந்தால் என்ன அர்த்தம்?

எங்கள் தொழிலில் பாராட்டு எங்கே விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். வாசித்தவர் கையில் விழுந்தால் பாராட்டு. கையை விட்டு எவ்வளவு தள்ளி விழுகிறதோ அவ்வளவு குத்தல். மானாமதுரையில் செய்த கடத்தை வாசிக்கிறவரிடம் போய், “மானாமதுரை மண்ணே மண், ஐயா!” என்று சொல்லிப் பாருங்கள், மறுமுறை உங்களைப் பார்த்தால் எதிர்ச்சாரிக்குப் போய்விடுவார்.

நாகஸ்வரத்தில் இதற்கு வசதி அதிகம். உறுப்புக்கு ஒரு குத்தல் வைத்திருக்கிறார்கள். குழல் ஆச்சா மரம். பழைய வீடுகளைப் பிரிக்கும்போது கிடைக்கிற, பல காலம் காய்ந்து இறுகிய மரம் என்றால் உத்தமம். கும்பகோணத்துக்கும் மயிலாடுதுறைக்கும் நடுவே இருக்கும் நரசிங்கம்பேட்டையில் கடைந்து எடுக்கிறார்கள். 2022இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுமாராக வாசித்துவிட்டு வந்த ஓர் இளைஞனிடம் எங்கள் பெரியவர் ஒருவர் சொன்னார்: “நரசிங்கம்பேட்டைக்கு ஒரு ரோஜா மாலை வாங்கிக்கொண்டு போக வேண்டும், தம்பி. என்ன ஒரு கடைசல்!” தம்பிக்கு மாலை கிடையாது, குழலைக் கடைந்த ஆசாரிக்குத்தான்.

குழலிலிருந்து சற்றுத் தள்ளிப் போனால், வாயில் வைத்து ஊதும் சீவாளி. கொறுக்கைத் தட்டையை வேகவைத்துப் பதப்படுத்திச் செய்வது. “நல்ல சீவாளி. யார் வாய் வைத்தாலும் பேசும் போலிருக்கிறது.” அதற்கும் அடுத்தது குழலின் அடியில் விரிந்திருக்கும் அணசு. “அணசைப் புதிதாகத் துலக்கியிருக்கிறீர்களா? கண் கூசிவிட்டது.” அணசையும் தாண்டி மோதிரத்துக்கும் ஜரிகை வேஷ்டிக்கும் பேச்சு போய்விட்டது என்றால், வாசிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றுமே இல்லை என்று முடிவு கட்டிக்கொள்ள வேண்டியதுதான்.

குறை இருந்தால் நேராகச் சொல்லலாமே? ஏன் இந்தச் சுற்றுவழி?
– வாசகி, கும்பகோணம்

சொல்லலாம், அம்மா. அடுத்த முகூர்த்தத்துக்கு யார் கூப்பிடுவார்கள்?

எங்கள் மேளத்தின் அமைப்பைக் கொஞ்சம் சொல்கிறேன். ஒரு செட்டுக்கு நாகஸ்வரம் இரண்டு, தவில் இரண்டு, தாளம் ஒன்று. முன்பெல்லாம் ஒத்து ஒன்று இருந்தது. அது இருந்த இடத்தில் இப்போது சுருதிப்பெட்டி உட்கார்ந்துவிட்டது. திருவிழா, பெரிய இடத்துக் கல்யாணம் என்றால் வெளியூரிலிருந்து ‘ஸ்பெஷல் தவில்’ வரவழைப்பார்கள். நான் அப்படிப் போய்ப் போய்க் காலம் கழித்தவன். இன்று என்னைக் கூப்பிட்ட நாயனக்காரர், அதாவது நாகஸ்வரக்காரர், நாளை நான் சொல்லி இன்னோர் ஊர்த் திருவிழாவுக்குப் போவார். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது, புரட்டாசியிலும் பெரும்பாலும் கிடையாது. மீதி மாதங்களின் வரும்படியில்தான் அடுப்பு எரிய வேண்டும். போதாக்குறைக்கு எல்லோரும் உறவு. நாயனம் மாமன் என்றால் தவில் மச்சான். இரண்டும் இல்லையென்றால் சம்பந்தி. “உங்களுக்குச் சுருதி சேரவில்லை” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு யார் வீட்டு விசேஷத்தில் போய்க் கை நனைப்பது?

சொல்லாமலும் இருக்க முடியவில்லையே! விலகிய சுருதியைப் பக்கத்திலேயே உட்கார்ந்து இராத்திரி முழுக்கக் கேட்டவனுக்கு அது வயிற்றில் தங்காது. அப்போதுதான் குறை பாராட்டாக வேஷம் போட்டுக்கொண்டு வெளியே வருகிறது.

இதில் வயது வரிசையும் உண்டு. பெரியவர் சின்னவனை எல்லோர் முன்னாலும் திட்டலாம். தாளத்தால் தொடையில் ஒரு போடு போட்டாலும் கேட்பாரில்லை. சின்னவனுக்குப் பெரியவரைப் புகழ மட்டும்தான் உரிமை. இருக்கிற ஒரே உரிமையை அவன் நன்றாகத் தீட்டி வைத்துக்கொள்கிறான். எங்கள் பக்கத்தில் ஒத்து ஊதிய ஒருவர் இருந்தார். ஒத்து என்பது ஆதார சுருதியை விடாமல் ஊதிக்கொண்டிருப்பது. விரலுக்கு வேலையில்லை, சுரம் மாறாது, பெயர் கிடைக்காது. மேளத்தில் சம்பளமும் அவருக்குத்தான் குறைவு. ஒரு திருவிழாவில் வெகுநேரம் ராகம் வாசித்து முடித்த நாயனக்காரர், தவில்காரர்களையெல்லாம் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, கடைசியில் இவரையும் பார்த்து “எப்படி?” என்பதுபோல் தலையை ஆட்டினார். ஒத்துக்காரர் பணிவாகத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, “எனக்கு என்ன கஷ்டம் அண்ணே? நீங்கள் எங்கே போனாலும் நான் இருந்த இடத்திலேயேதான் இருந்தேன்” என்றார்.

புரிந்தவர்கள் அவசரமாக வெற்றிலைப் பெட்டியைத் தேடினார்கள். நாயனக்காரருக்கோ மறுநாள் விடிந்த பிறகுதான் புரிந்ததாம். இரண்டாவது நாள் புறப்பாட்டில் அவர் சுருதியை விட்டு இம்மியும் நகரவில்லை. இதை நேராகச் சொல்லியிருந்தால் ஒத்துக்காரருக்கு வேலை போயிருக்கும், சுருதியும் சேர்ந்திருக்காது.

நாகஸ்வர மேதை திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை மற்ற வித்வான்களைக் குத்திப் பேசியதாகச் சொல்லும் கதைகளில் இரண்டு சொல்லுங்களேன்.
– வாசகர், ஆடுதுறை

மாட்டேன். அவர் காலமானது 1956இல். மறுத்துப் பேச வரமாட்டார் என்ற தைரியத்தில், யாருக்கு எந்தக் குத்தல் தோன்றினாலும் அவர் வாயில் வைத்துவிடுகிறார்கள். அவர் வாசித்த தோடி ராகம் இசைத்தட்டில் இருக்கிறது. கேளுங்கள். அந்தக் காலத்து மற்ற நாயனக்காரர்களுக்கு அந்தத் தோடி ஒன்றே போதுமான குத்தல்; அதற்கு மேல் வாயைத் திறக்க வேண்டிய தேவை என்ன?

தாளத்தில் ஓடுகிறவர்களை எப்படிப் ‘பாராட்டுவீர்கள்’?
– வாசகர், திருவாரூர்

“உங்களோடு வாசித்தால் கடைசி பஸ்ஸைப் பிடித்துவிடலாம்.” இது எல்லா ஊரிலும் செல்லும்.

எடுத்த வேகம் முடிகிற வரை நிற்க வேண்டும். அதைக் காலப்பிரமாணம் என்பார்கள். சபாவில் அது பிசகினால் முன்வரிசையில் நான்கு பேர் முகம் சுளிப்பார்கள், அவ்வளவுதான். கோயிலில் பிசகினால் சுவாமியே நடை மாற வேண்டியிருக்கும். புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பீரநாட்டை ராகம், பாட்டு வரி கிடையாது, தவில் சொற்கட்டோடு பின்னிக்கொண்டு போவது. சுவாமியைத் தோளில் சுமக்கிறவர்களின் கால் அதைக் கேட்டுத்தான் நடக்கிறது. ஓர் ஊரில் சின்ன வயதுத் தவில்காரர் உற்சாகத்தில் இழுத்துக்கொண்டு போக, சுமப்பவர்கள் ஓட்டமும் நடையுமாகத் தெற்கு வீதி திரும்புவதற்குள் வியர்வையில் நனைந்துவிட்டார்கள். தீவட்டிக்காரர் பின்தங்கிவிட்டார். குருக்கள் ஒரு கையால் சுவாமியின் மாலையையும் இன்னொரு கையால் தன் வேஷ்டியையும் பிடித்துக்கொண்டார். மண்டபத்தில் இறக்கி வைத்ததும் நாயனக்காரர் சொன்னார்: “தம்பி, உன் தயவில் சுவாமி இன்றைக்கு நேரத்தோடு பள்ளியறைக்குப் போய்விடுவார். பாவம், அவருக்கும் எத்தனை நாள்தான் கண்விழிப்பு!”

தேங்குகிறவர்களுக்கு வேறு (ஆவர்த்தனம் என்பது தாளத்தின் ஒரு சுற்று): “உங்கள் ஆவர்த்தனத்துக்கு நடுவில் நிதானமாக வெற்றிலை போட்டுக்கொள்ளலாம்.”

எனக்குப் பிடித்தது கணக்குக்காரர்களுக்கானது. நீளமாக ஒரு கோர்வையை, அதாவது கணக்குப் போட்ட முடிவுச் சொற்கட்டை எடுத்து, மூன்று முறை முடித்து, தாளம் தொடங்குகிற சமத்தில் விழாமல் அரை அட்சரம் முன்னே பின்னே விழுந்து, நாயனக்காரர் எப்படியோ சமாளித்துப் பல்லவியை எடுத்துவிட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கூட்டம் கை தட்டும். அப்போது பக்கத்திலிருக்கும் இரண்டாவது தவில் மெதுவாகச் சொல்வார்: “மற்றவர்கள்தான் அண்ணே சமத்தைத் தேடிப் போவார்கள். உங்களை மட்டும் சமமே தேடிக்கொண்டு வருகிறது.”

ஐயா, இது நம் வஞ்சப்புகழ்ச்சி அணிதானே? காளமேகப் புலவரின் வாரிசுகள் நீங்கள் என்று சொல்லலாமா?
– தமிழாசிரியர், நாகப்பட்டினம்

நாகப்பட்டினத்திலிருந்து கேட்டதால் உங்கள் ஊர்ப் பாட்டையே எடுத்துக்கொள்கிறேன். காத்தான் என்பவர் நாகையில் நடத்திய சத்திரத்தில் சாப்பாட்டுக்குக் காத்திருந்து காத்திருந்து காளமேகம் பாடியதாகச் சொல்லப்படும் வெண்பா:

கத்துகடல் சூழ்நாகைக் காத்தான்தன் சத்திரத்தில்
அத்தமிக்கும் போதில் அரிசிவரும் – குத்தி
உலையிலிட ஊரடங்கும் ஓரகப்பை அன்னம்
இலையிலிட வெள்ளி எழும்.

பொழுது சாயும்போது அரிசி வரும், உலை வைக்கும்போது ஊர் தூங்கிவிடும், இலையில் ஓர் அகப்பை சோறு விழும்போது விடிவெள்ளி முளைத்துவிடும். காத்தான் கலங்கிப்போய்க் கேட்டதும் புலவர் அதே பாட்டுக்கு வேறு உரை சொன்னாராம்: உலகத்தில் அரிசி அற்றுப்போகிற பஞ்சத்திலும் இங்கே அரிசி வந்து குவியும், உலையிலிட்டால் ஊரின் பசி அடங்கும், இலையில் விழும் அன்னத்தின் வெண்மையில் வெள்ளி நட்சத்திரமே எழும்.

தமிழாசிரியர்கள் இரண்டு உரையையும் ரசிக்கலாம். மேளக்காரர்கள் முதல் உரையை மட்டும்தான் நம்புவோம், அனுபவம் அப்படி. கல்யாண வீட்டில் மங்கல வாத்தியம் இல்லாமல் ஒரு சடங்கும் நகராது. மாப்பிள்ளை அழைப்புக்கு முன்னால் நடப்போம், தாலி கட்டும்போது கெட்டிமேளம் கொட்டுவோம், சம்பந்திகளைப் பந்திக்கு அழைத்துப்போகக்கூட வாசிப்போம். அத்தனை பேரையும் பந்தியில் உட்கார வைத்துவிட்டு நாங்கள் திரும்பி வந்து நடுக்கூடத்தில் உட்கார்ந்திருப்போம். எங்கள் இலை கடைசி. அதற்குள் வடை தீர்ந்து அப்பளம் நமுத்திருக்கும்.

மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு பெரிய மிராசுதார் வீட்டுக் கல்யாணம். எங்கள் பந்திக்குச் சோறு, சாம்பார், ரசம் வந்தது, மோரோடு முடிந்தது. கை கழுவிவிட்டு வந்தபோது வாசலில் நின்ற வீட்டுக்காரர் வாய் நிறைய, “சாப்பாடெல்லாம் திருப்தியா?” என்று கேட்டார். எங்கள் நாயனக்காரர் கை கூப்பி, “பாயசம் மிகப் பிரமாதம் என்று கேள்விப்பட்டோம், ஐயா” என்றார்.

வீட்டுக்காரர் மானஸ்தர். முகம் ஒரு கணம் கறுத்தது. உள்ளே போய் யாரையோ ஒரு சத்தம் போட்டது கேட்டது. சாயங்காலம் நலங்குக்கு நாங்கள் உட்காருவதற்கு முன்பே ஒரு தூக்கு நிறையப் பால் பாயசம், முந்திரி மிதக்க மிதக்க வந்து சேர்ந்தது. அந்த வீட்டில் அதற்குப் பிறகு நடந்த கல்யாணங்களில் மேளத்துக்கு இரண்டாவது பந்தி.

வாரிசா என்று கேட்டீர்கள். புலவருக்கு வெண்பா வந்தது. எங்களுக்குப் பசி மட்டும்தான் அவர் அளவுக்கு வரும்.

திருவையாறு ஆராதனையில் பஞ்சரத்தினம் பாடிவிட்டு வந்தேன். என் பக்கத்தில் பாடிய மாமி, “அத்தனை பேருக்கு நடுவிலும் உன் குரல் தனியாகக் கேட்டது” என்று சொன்னார். வீட்டில் எல்லோரும் மகிழ்ந்துபோனார்கள். உங்கள் கட்டுரையைப் படித்த பிறகு சந்தேகமாக இருக்கிறது.
– கல்லூரி மாணவி, தஞ்சாவூர்

சந்தேகமே வேண்டாம், குழந்தாய். அது குத்தல்தான், அதுவும் கை தேர்ந்த குத்தல்.

தியாகராஜ சுவாமிகள் மறைந்த திதியான புஷ்ய பகுள பஞ்சமி அன்று காவிரிக் கரையில் அவர் சமாதிக்கு முன்னால் நூற்றுக்கணக்கானவர்கள் வரிசையாக உட்கார்ந்து நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்று ஐந்தையும் ஒரே குரலாகப் பாடுகிறார்கள். அங்கே யார் குரலும் தனியாகக் கேட்கக் கூடாது. கேட்டால் ஒன்று சுருதி மேலே ஏறியிருக்க வேண்டும், அல்லது மற்றவர்கள் சரணத்துக்குப் போகும்போது நீ இன்னும் அனுபல்லவியில் இருந்திருக்க வேண்டும். அந்த மாமியைத் தேடிப் பிடித்து, எந்த இடத்தில் கேட்டது என்று விசாரி. வராளி என்று சொன்னால் ஆச்சரியப்பட மாட்டேன். அதன் மத்தியமம், அதாவது ‘ம’ சுரம், மேல் ‘ம’ வருகிற மற்ற பிரதிமத்தியம ராகங்களைவிடச் சற்று மேலே நிற்பது. பாட்டைக் குரு நேராகச் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று பழைய நம்பிக்கை வேறு இருந்ததால், பல பேர் காதால் கேட்டே பிடித்துக்கொண்ட பாட்டு அது. அடுத்த ஆராதனைக்குள் நல்ல வாத்தியார் ஒருவரிடம் போய்ச் சரி செய்துகொள். மாமியின் மேல் கோபம் வேண்டாம். உன்னை முழுக்கக் கேட்டிருக்கிறார்.

என் கணவர் மிருதங்க வித்வான். சென்ற வாரம் ஒரு கச்சேரியில் வயலின்காரர், “உங்கள் தனி ஆவர்த்தனத்தால்தான் இன்று எல்லோருக்கும் கேன்டீனில் சூடாக டிபன் கிடைத்தது” என்று சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து வீட்டில் சரியாகச் சாப்பிடவில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, தஞ்சாவூர்

முதலில் அவருக்கு ரவா தோசை வார்த்துக் கொடுங்கள். பிறகு இதைச் சொல்லுங்கள்: அந்தக் குத்தல் அவரைப் பற்றியதே அல்ல, எழுந்து போன கூட்டத்தைப் பற்றியது. தாள வாத்தியம் மட்டும் ஒலிக்கிற தனி தொடங்கியதும் நாற்காலியை விட்டு எழுந்திருக்கும் பழக்கம் எத்தனையோ பெரிய கைகளுக்கு முன்னாலும் நடந்திருக்கிறது. ஆகவே அது சரக்கில்லாத குத்தல். நல்ல குத்தல் என்றால் கேட்கிறவருக்குத் தன் வாசிப்பில் எந்த இடம் என்று தெரிய வேண்டும். இதில் அப்படி எதுவும் இல்லை.

ஆனாலும் பதில் கொடுக்காமல் விடுவது தொழிலுக்கு அழகல்ல. தனி நடக்கும்போது வயலின்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்திருப்பீர்கள்: காதருகே வில்லை இழுத்து, பிருடையைத் திருகிச் சுருதி சரி பார்ப்பார். அடுத்த கச்சேரியில் உங்கள் கணவர் அவரைப் பார்த்துச் சிரித்த முகத்தோடு, “அண்ணா, இன்றைக்கு இன்னும் கொஞ்சம் நேரம் வாசிக்கட்டுமா? போன தடவை உங்களுக்குச் சுருதி சேர்க்க நேரம் போதவில்லை” என்று சொல்லட்டும். வயலின்காரர் சிரித்துவிட்டால் நல்ல மனிதர். காபி வாங்கிக் கொடுப்பார். சிரிக்காவிட்டால் சுருதி உண்மையிலேயே சேரவில்லை.

நான் நாகஸ்வரம் வாசிக்கிறேன். எங்கு வாசித்தாலும் யாராவது ஒரு மூத்த வித்வான், “பெண் வாசித்ததாகவே தெரியவில்லை” என்று பாராட்டுகிறார். இதை எந்தக் கணக்கில் வைப்பது?
– வாசகி, சீர்காழி

எந்தக் கணக்கிலும் வைக்காதீர்கள், தங்கச்சி. குத்தலுக்குப் புத்தி வேண்டும். இது வேகாத சோறு. சொன்னவர் உங்களைப் பாராட்டியதாக மனப்பூர்வமாக நம்பிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார், அதுதான் இதில் வேதனை. மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய் நாகஸ்வரம் வாசித்துப் பெயர் பெற்று எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இன்னும் இவர்களுக்கு ஆச்சரியம் தீரவில்லை.

மயிலாடுதுறைப் பக்கம் ஒரு பெண் இதற்குச் சொன்ன பதில் எங்கள் வட்டாரத்தில் பிரசித்தம். ஒரு கும்பாபிஷேகத்தில் இரண்டு மேளம். அந்தப் பெண் வாசித்து முடித்ததும், அடுத்து வாசிக்க இருந்தவர் இந்தப் பழைய பாராட்டை எடுத்துவிட்டார். அவர் வாசித்து முடிக்கும் வரை பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு, எழுந்து வந்து சொன்னாள்: “நீங்கள் வாசித்தால் ஆண் வாசிக்கிறது என்று நன்றாகத் தெரிகிறது, அண்ணே. நாயனம் வாசிக்கிறது என்றுதான் தெரியவில்லை.”

வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் பெண் உரிமை கேட்டு வரமாட்டாள்.

‘சபாஷ்’, ‘பேஷ்’ – இவற்றையாவது நம்பலாமா?
– வாசகர், வலங்கைமான்

இடத்துக்கு விழுந்தால் நம்பலாம். நான் சிரமப்பட்டு மோரா என்ற ஒரு முடிப்பு வைக்கும்போது பேசாமல் இருந்துவிட்டு, துண்டை எடுத்து முகம் துடைக்கும்போது ‘சபாஷ்’ என்கிறவரை நம்பாதீர்கள்.

எல்லோரைப் பற்றியும் எழுதுகிறீர்கள். நீங்கள் வாங்கிய குத்தல் எது?
– வாசகர், மன்னார்குடி

“உங்கள் கையில் இரண்டு தவில் கேட்டது, மாப்பிள்ளை.” சொன்னது என் மாமனார் முறை ஆகும் ஒரு நாயனக்காரர். இரண்டு பேர் வேலையை ஒருவனாகச் செய்தேன் என்று பாராட்டுகிறாராம். சத்தம் அதிகம் என்று அர்த்தம்.

இதை இன்று வரை நான் ஒப்புக்கொள்ளவில்லை. வாசித்தது தை மாதத்துப் பனியில், திறந்த வீதியில், தேர்முட்டியில். ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும். தொப்பி என்கிற இடப்பக்கத்தைக் கேட்கவே வேண்டாம். நான்கு வீதிக்கும் கேட்கிற மாதிரி வாசிப்பதற்குத்தான் தவிலே உண்டாயிற்று. மல்லாரியை மல்லிகைப் பூ மாதிரி வாசிக்க வேண்டும் என்றால் கஞ்சிராவைக் கூப்பிட்டிருக்கலாமே! அவரிடமும் அன்றே பதில் சொல்லிவிட்டேன்: “மாமா, உங்கள் நாயனம் எனக்குக் கேட்கவே இல்லை. அதனால்தான் நிம்மதியாக வாசித்தேன்.” அவர் சிரித்துக்கொண்டே சீவல் எடுத்து நீட்டினார். மறுவருஷமும் அதே திருவிழாவுக்கு என்னையே கூப்பிட்டார், சம்பளத்தைக் கூட்டி.

எதை வைத்தும் கேலி செய்யலாமா? எல்லை என்று ஒன்று இல்லையா?
– வாசகர், பாபநாசம்

இருக்கிறது. உடம்பைத் தொடக் கூடாது. நாயனக்காரருக்கு முன்பல் ஆடத் தொடங்கினால் சீவாளி நிற்காது. தொழில் முடிந்தது என்று அவருக்கே தெரியும். அந்த வயதில் அவர் வாசிப்பில் காற்று கசிந்தால் எவ்வளவு பெரிய வாயாடியும் தரையைப் பார்த்துக்கொண்டிருப்பான். தவில்காரருக்கு விரல் வெடித்தாலும் கை நடுங்கினாலும் அப்படியே.

இன்னொன்று, காசு கொடுக்கிறவர் காதில் விழக் கூடாது. இதை மீறிய ஒருவரைப் பார்த்திருக்கிறேன். முதல் தடவையாகத் தனிச் செட் கட்டிக்கொண்டு வந்திருந்தான் ஒரு பையன். நன்றாகவே வாசித்தான். பெண்ணின் தாய்மாமன் கணக்கு முடிக்க வந்தபோது, மூத்த வித்வான் ஒருவரிடம் “பையன் எப்படி?” என்று கேட்டார். அவரோ பழக்க தோஷத்தில், “வயதுக்கு மேலே வாசித்தான். இன்னும் இரண்டு வருஷம் போனால் கேட்கும்படி இருக்கும்” என்றார். எங்களுக்குள் என்றால் இதற்குச் சிரித்திருப்போம். தாய்மாமன் சிரிக்கவில்லை, பேசிய தொகையில் பிடித்துக்கொண்டுதான் கொடுத்தார். அந்தப் பையன் தாளக்காரருக்கும் இரண்டாவது தவிலுக்கும் கைக்காசைப் போட்டு அனுப்பினான். அதன் பிறகு அந்த மூத்தவரோடு உட்கார நேரும்போதெல்லாம் நான் அவரைப் புகழவும் இல்லை, குத்தவும் இல்லை. அதைவிடப் பெரிய தண்டனை எங்களில் கிடையாது. அவருக்கும் அது தெரிந்துதான் இருந்தது.

நாகஸ்வரம் கற்றுக்கொள்ளத் தொடங்கி ஒரு வருஷம் ஆகிறது. நேற்று வாத்தியார், “உனக்கு மூச்சு நன்றாக இருக்கிறது” என்றார். இது பாராட்டா, குத்தலா?
– மாணவன், செம்பனார்கோயில்

ரக்தி மேளம் என்ற நாகஸ்வர வாசிப்புக்குப் பேர்போன ஊரில் இருந்துகொண்டு என்னைக் கேட்கிறாயே, தம்பி! சரி, கேள். முதல் வருஷத்தில் மூச்சைத் தவிர உன்னிடம் பாராட்ட வேறு ஒன்றும் இருக்காது. விரல் இன்னும் துளையைத் தேடிக்கொண்டிருக்கும், கமகம் எங்கே என்று தெரியாது, தாளம் தொடையில் ஒன்றும் மனத்தில் ஒன்றுமாக ஓடும். மூச்சு ஒன்றுதான் வாத்தியார் கையில் இல்லாத சங்கதி; அது இருக்கிறது என்று சொன்னால் உன்னை மேற்கொண்டு வைத்துக்கொள்ளத் தீர்மானித்துவிட்டார் என்று அர்த்தம். இன்னும் மூன்று வருஷம் கழித்தும் மூச்சையே புகழ்ந்துகொண்டிருந்தால் மட்டும் யோசி.

இப்போதைக்கு “விரல் எப்படி, ஐயா?” என்று அவரிடம் கேட்டுவிடாதே, அதற்கு அவர் நேராகவே பதில் சொல்வார். விடியற்காலையில் எழுந்து சரளி வரிசையை முதல் காலத்தில் நிதானமாக ஊது. தெருவில் யாராவது வந்து சத்தம் போட்டால், பயந்துகொண்டு வேகத்தைக் கூட்டாதே. ஜன்னலைச் சாத்திக்கொள்.